ஏற்றத்தில் முனகும் பிரேக்: மன்னார் உப்பும் மலைச் சரிவும்

மன்னார்த் தீவில் ஏற்றம் என்று சொல்லத்தக்க வீதி இல்லை. கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் உயரத்தில் மணலாகப் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், தலைமன்னாரிலிருந்து பெருநிலத்தை இணைக்கும் பாலம் வரை ஓடும் காருக்குச் சரிவில் நின்று புறப்பட வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. ஆகையால் தீவுக்குள்ளேயே நாள்தோறும் ஓடும் காரின் பிரேக்கில் உள்ள சில குறைகள் அங்கே காதில் விழாமலே இருந்துவிட்டு, அதே கார் ஏ-14 வீதியில் மதவாச்சியை அடைந்து, ஏ-9 வீதியில் தெற்கே திரும்பி, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறத் தொடங்கியதும் முதன்முறையாக ஒலிக்கின்றன. ஏற்றத்தில் நின்ற காரின் பிரேக்கைத் தளர்த்திப் புறப்படும் ஓரிரு விநாடிகளில் எழும் முனகலை மலை உண்டாக்கிய கோளாறு என்று எண்ணுவதும், ஊர் திரும்பியபின் அது கேட்காததால் கோளாறு தீர்ந்துவிட்டதாக எண்ணுவதும் இயல்பு. இரண்டுமே தவறு. மலை தருவது ஒரு விசையை மட்டும்தான். அவ்விசை எத்தகைய பரப்பின்மீது செயற்படப்போகிறது என்பதைப் பெரும்பாலும் கடற்கரை முன்பே தீர்மானித்துவிட்டிருக்கிறது.

இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருக்கிறது: சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை, கலிப்பர் எனப்படும் கவ்வி, இரு பக்கங்களிலிருந்தும் பிரேக் பேட்களால் அழுத்திப் பிடிக்கிறது. சிறிய கார்கள் பலவற்றின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உண்டு; அதில் வளைந்த இரண்டு ஷூக்கள், அவற்றின்மேல் ஒட்டப்பட்ட லைனருடன், சுழலும் உருளையின் உட்புறத்தை வெளிநோக்கி அழுத்துகின்றன. கைபிரேக்கை இழுக்கும்போது ஒரு கம்பிவடம் பெரும்பாலும் இந்தப் பின்சக்கர ஷூக்களையே விரிக்கிறது.

உராய்வில் இரண்டு வகை உண்டென்பது இந்த ஒலியின் அடிப்படை. ஓய்வில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு பரப்புகளை முதன்முதலாக நகர்த்துவதற்குத் தேவைப்படும் விசை, அதாவது நிலையுராய்வு, அவை வழுக்கத் தொடங்கியபின் தேவைப்படும் இயக்கவுராய்வை விடப் பொதுவாகக் கூடுதலானது. பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த சோதனைகளில், பரப்புகள் எவ்வளவு நேரம் அசையாமல் தொட்டு நிற்கின்றனவோ அதற்கேற்ப நிலையுராய்வு கூடுவதையும் கண்டறிந்தார். பிரேக்கை மெல்லத் தளர்த்தும்போது பேட் தட்டை விட்டுக்கொடுக்கிறது. சக்கரம் சற்றே வழுக்குகிறது. வழுக்கியதால் மீண்டெழும் உலோகப் பாகங்களின் இழுவிசை குறைந்து, பேட் மறுபடி பற்றிக்கொள்கிறது. பின் இழுவிசை சேர்ந்ததும் மறுபடி வழுக்குகிறது. ஒட்டுதலும் வழுக்கலுமான இச்சுழற்சி ஒரு விநாடிக்குள் பற்பல முறை நிகழும்போது கலிப்பரும் சக்கரத்தைத் தாங்கும் பாகங்களும் அதிர்ந்து, காரின் உடலே அவ்வதிர்வைப் பெருக்கி ஒலிக்கிறது. வில் உரசும் வயலின் தந்தியில் இசை எழுவதும் இதே பொறிமுறையால்தான். பிரேஸ், பையர்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1966இல் நிலநடுக்கத்துக்கும் இதையே காரணமாக முன்வைத்தனர் என்பதை எண்ணும்போது, கார்ச் சக்கரத்துக்குள் நடப்பதை அற்பமான ஒன்றாகக் கருத மனம் வருவதில்லை.

இந்த முனகல் தாழ்ந்த சுருதியுடையது. பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழேயே அமைகிறது. ஓடும் காரை நிறுத்தும்போது எழும் கூரிய கீச்சொலியோ 1,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டது. இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். முனகல் தோன்ற மூன்று நிபந்தனைகள் ஒருங்கே வாய்க்க வேண்டும்: பிரேக்கில் சிறிதளவு அழுத்தம் எஞ்சியிருக்க வேண்டும், சக்கரம் நடை வேகத்தைவிட மெதுவாக நகர வேண்டும், அப்படி நகர்த்தும் விசை விடாமல் தொடர வேண்டும். மூன்றாவதைத்தான் சரிவு தருகிறது. 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் ஒரு வீதியில் நிற்கும் 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரைப் புவியீர்ப்பு ஏறத்தாழ 1,170 நியூட்டன் விசையுடன், அதாவது 120 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன், கீழ்நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. மன்னார் நகரத் தெருவில் அந்த இழுவிசை சுழியம் என்பதால், அங்கே பிரேக்கை எவ்வளவு மெல்லத் தளர்த்தினாலும் கியர் இடப்படாத கார் அசையாது, ஒலியும் எழாது. கண்டி நகரின் சரிவுகளில் வாகன நெரிசலில் நீண்ட நேரம் நின்று, அங்குலம் அங்குலமாக நகர நேரும்போதோ மூன்று நிபந்தனைகளும் திரும்பத் திரும்ப நிறைவேறுகின்றன.

இனிக் கடற்கரையின் பங்கு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து ஓய்வின்றி வீசுகிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவி 2020இல் மின்னுற்பத்தி தொடங்கும் அளவுக்கு அக்காற்று வலிமையானது. காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நுண்ணிய உப்புத்துளிகளையும் கரைக்குள் கொண்டுவந்து, பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் முற்றத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் வாகனங்களின் அடிப்பாகத்தில் படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் சோடியம் குளோரைட்டு நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். எனவே மழை ஒரு துளி பெய்யாத நாளிலும், வெயில் காயும் பகலிலும்கூட, பிரேக் தட்டின்மீது மின்கடத்தும் உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கக்கூடும். வார்ப்பிரும்புக்குள் செதில்களாகப் பொதிந்திருக்கும் கரி, அந்நீரில் இரும்புடன் சேர்ந்து ஒரு நுண் மின்கலம்போல் இயங்கி, துருவேறலை மேலும் விரைவுபடுத்துகிறது.

ஒரே இரவில் தட்டின்மேல் படியும் செம்மஞ்சள் துரு அஞ்சத்தக்கதன்று. காலையில் சில முறை பிரேக் பிடித்தால் அது உரசி நீங்கிவிடும், அதனால் எழும் கரகரப்பும் அத்துடன் நின்றுவிடும். கார் நாட்கணக்கில் அசையாமல் நிற்கும்போது நிகழ்வதே கவனத்துக்குரியது. பேட்டுக்கும் தட்டுக்கும் இடையே அகப்பட்ட ஈரம் அவ்விரண்டையும் துருவால் ஒட்டவைத்துவிட, புறப்படுகையில் 'டக்' என்று ஒரு முறை விடுபடும் ஒலி கேட்கிறது. விடுபட்டபின் தட்டில் பேட்டின் அளவிலேயே ஒரு தழும்பு எஞ்சி, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் உராய்வை மாற்றுகிறது. உராய்வு இடத்துக்கிடம் மாறும் பரப்பில் முனகல் எளிதில் தூண்டப்படும்.

கைபிரேக்கின் கதை இதைவிட நுட்பமானது. தட்டையான நிலத்தில் அதன் தேவை குறைவாக இருப்பதால், கார் கியரிலேயே நிறுத்தப்பட்டு, கைபிரேக் மாதக்கணக்கில் தொடப்படாமல் இருக்க இடமுண்டு. அதற்குள் கம்பிவடம் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பிறகு மலைநாட்டின் முதல் ஏற்றத்தில் அது பலமாக இழுக்கப்படுகிறது. விடுவிக்கும்போது நெம்புகோல் இறங்கினாலும் வடம் முழுவதுமாகத் திரும்புவதில்லை. பின்சக்கர ஷூக்கள் உருளையைத் தொட்டபடியே இருக்க, கார் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு ஏறுகிறது. மாறாக, கைபிரேக்கை வாரக்கணக்கில் இழுத்தே வைத்திருந்தால் லைனர் உருளையோடு ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் இழுத்து விடுவித்து வடத்தை ஓட்டத்தில் வைத்திருப்பதும், நெடுநாள் நிறுத்தும்போது கைபிரேக்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதுமே தீவுக்குப் பொருத்தமான முறை.

ஒலியின் மூலத்தைப் பிரித்தறிவதற்கு ஏற்றமே சிறந்த ஆய்வுக்கூடம். முன்னும் பின்னும் வேறு வாகனங்களோ ஆட்களோ இல்லாத மிதமான சரிவில், பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பு இயங்குவதற்காக எஞ்சினை ஓடவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, கால்பிரேக்கை மெல்லத் தளர்த்தி, காரை ஓரடி பின்னோக்கி உருளவிட வேண்டும். அப்போதே முனகல் எழுந்தால் குற்றம் பிரேக்கில். அப்போது அமைதியாக இருந்து, கிளச்சை விடுவித்துப் புறப்படும்போது மட்டும் நடுக்கமும் ஒலியும் எழுந்தால் கிளச் தட்டையோ, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையோ சந்தேகிக்க வேண்டும். அதே சோதனையைக் கைபிரேக்கை மட்டும் தளர்த்திச் செய்தால் முன்சக்கரமா பின்சக்கரமா என்பது தெளிவாகும். பிரேக்கைச் சட்டென்று முழுவதுமாக விட்டபோது ஒலி மறைந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற ஒட்டுவழுக்கல்தான். ஏற்றத்தில் புறப்பட உதவும் தானியங்கி ஏற்பாடுள்ள கார்களில், பாதத்தை எடுத்தபின்பும் ஏறத்தாழ இரண்டு விநாடி பிரேக் அழுத்தம் நீடிப்பதால், ஓட்டுநர் பிரேக்கை விட்டுவிட்ட பிறகும் அம்முனகல் கேட்கலாம். பின்னோக்கி உருண்ட கார் முன்னோக்கித் திரும்பும் கணத்தில் ஒரேயொரு தட்டல் கேட்டால், பேட் தன் இருக்கையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்கிறது என்றும், அதைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்புகள் தளர்ந்தோ துருப்பிடித்தோ போயின என்றும் கொள்ளலாம்.

இச்சோதனைக்காக நுவரெலியா வரை போகவேண்டியதில்லை. தானியங்கி கியர் உள்ள காரில், வெட்டவெளியான சமதரையில் முன்செல்லும் கியரை இட்டுப் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால், எஞ்சின் தானாகவே காரை ஊர்ந்து செல்லவைக்கும் விசை புவியீர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மன்னாரிலுள்ள கராஜ் ஒன்றின் முன்பாகவே அம்முனகலை எழுப்பிக்காட்ட முடியும். பிரேக் பிடிக்காமலே கேட்கும் தொடர்ச்சியான கீச்சொலியோ வேறு வகை: பேட் தேய்ந்து சில மில்லிமீற்றரே எஞ்சும்போது தட்டை உரசும்படி பொருத்தப்பட்டுள்ள உலோக நாக்கு அதை எழுப்புகிறது. அதற்குத் தீர்வு பேட்டை மாற்றுவது ஒன்றே.

உப்பால் இறுகும் மற்றோர் உறுப்பு, கலிப்பர் இருபுறமும் சரிசமமாக நகர்வதற்கு உதவும் வழுக்கு ஊசி. அது இறுகினால் பேட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதைச் சுத்தம்செய்து, பிரேக்குக்கென்றே தயாரிக்கப்பட்ட கிரீஸை இட வேண்டும். பெற்றோலியக் கிரீஸ் அங்குள்ள ரப்பர் உறைகளை ஊதச்செய்து கெடுத்துவிடும். சோளகக் காலத்தில் வாரந்தோறும் உவர்ப்பற்ற நீரால் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் கழுவி, உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்து உலர்த்துவது பெரும்பாலான துருவைத் தவிர்க்கும்.

மலைப்பயணத்தில் முனகலைவிட மிகுதியாக அஞ்சவேண்டியது இந்த விடாத உரசலையே. புசல்லாவையைத் தாண்டி றம்பொடை நோக்கி ஏறும்போது ஓரிடத்தில் நிறுத்தி, தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறும்போது பிரேக் அதிகம் பிடிக்கப்படுவதில்லை என்பதால் சக்கரங்கள் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் அனல் வீசினாலோ கருகல் வாடை அடித்தாலோ அந்தப் பிரேக் விடுபடவில்லை. அந்நிலையில் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறி, பின் அதே வளைவுகளில் இறங்க முற்பட்டால், ஏற்கனவே சூடேறிய பிரேக்கில் ஈரம் கலந்த பிரேக் எண்ணெய் கொதித்து, நீராவிக் குமிழ்கள் அழுத்தத்தை விழுங்கிவிட, மிதி தரைவரை இறங்கிவிடக்கூடும். பழைய எண்ணெயின் கொதிநிலை 140 பாகை செல்சியஸ் வரை தாழ்ந்திருக்கலாம். காரை அங்கேயே நிறுத்தி ஆறவிட்டு, இறங்குவதற்கு முன்பாக அருகிலுள்ள கராஜில் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் செய்வதே உரிய நடவடிக்கை.