பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா?

"ஜீப்பைப் பற்றி நமக்கென்ன?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! வண்டியைத் தேர்ந்தெடுப்பது வீட்டு ஆண்களாக இருக்கலாம். ஆனால், பணம் போதாதபோது அடகுக் கடைக்குப் போவது நம் கழுத்துச் சங்கிலிதானே? அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரப் போவதும் நம் குழந்தைகள்தானே? என் நாலு பவுன் சங்கிலி ஒரு பழைய ஜீப்பாக மாறிய கதையையும், அதனால் நான் படித்துக்கொண்ட பாடத்தையும் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீடு ஆம்பூரில். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மாமனார் காலத்து நிலம் கொஞ்சம் இருக்கிறது. மழைக் காலத்தில் அந்த மண் பாதையில் கார் போகாது. "ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு இருந்தா புளி, மாங்காய் ஏத்திக்கிட்டு வரலாம். அம்மாவையும் அலுங்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்று இவர் ஆசைப்பட்டார். ஒரு புரோக்கர் மூலம் வண்டி வந்தது. பச்சைப் பெயிண்ட், புது ஹூட், புது சீட் உறை. பார்த்தவுடன் எனக்கே பிடித்துவிட்டது. சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம் மலைப் பாதையில் இறங்கும்போது, முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. உள்ளே நான், மாமியார், என் பெண். நல்லவேளை, இவர் மெதுவாக ஓட்டி வந்ததால் மண் மேட்டில் சாய்த்து நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம் இழுத்திருந்தால் பள்ளம். நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

மெக்கானிக் பாய் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தவர் கையில் வாழைப்பட்டை மாதிரி உரிந்த இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. "அம்மா, இது தோல் ஏத்துன வண்டிம்மா. உப்பு அடியெல்லாம் தின்னுட்டு கீது. மேலதான் பெயிண்டு ஷோக்கா கீது" என்றார்.

உப்பு செய்யும் வேலை

நம் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஷெட்டுகள். உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் வரை உப்புப் பிடிக்கும். நாம் ஊறுகாய்க்கு உப்புப் போடுகிற மாதிரிதான். அந்தத் தோலை வண்டியில் ஏற்றினால் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து சேஸின் இடுக்குகளில் தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப் பிடிக்கும். ஊறுகாய் ஜாடியை ஏன் பீங்கானில் வைத்தார்கள் நம் பாட்டிமார்கள்? இரும்பு டப்பாவில் வைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்!

ஆகவே முதல் சோதனை வண்டியின் அடியில். ஒரு பழைய பாயை விரித்து, தெரிந்த மெக்கானிக்கை டார்ச்சுடன் படுக்கச் சொல்லுங்கள். சேஸின் நீளக் கட்டைகள், குறுக்குக் கட்டைகள், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிகள் இவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்'கென்று வெண்கல அண்டா மாதிரிச் சத்தம் வந்தால் நல்லது. 'பொத்'தென்று ஓட்டைப் பானை மாதிரி வந்தால் உள்ளே இற்றுவிட்டது என்று அர்த்தம். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்டோ தாரோ பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேஸில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம். எங்கள் வண்டியில் ஸ்பிரிங் கொக்கி பிய்ந்துகொண்டு வந்த இடம் அப்படி ஒட்டுப் போட்ட இடம்தான்.

பாடியைச் சோதிக்க நம்மிடமே கருவி இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிற காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகடாக இருந்தால் ஒட்டும். பட்டி போட்டு அடைத்து மேலே பெயிண்ட் அடித்த இடமாக இருந்தால் நழுவி விழும். கால் வைக்கிற இடம், கதவின் கீழ் ஓரம், பின் பலகை மூலை இவற்றை அவசியம் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2021 நவம்பரில் நம் பாலாற்றிலேயே வெள்ளம் கரை புரண்டது. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து வெளியூரில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மழையில் நனைந்த கோணி வாடை வந்தால் சந்தேகப்படுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் திருகாணிகளில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் வண்டல், ஃப்யூஸ் பெட்டியில் மண் இவையெல்லாம் சாட்சி சொல்லும். டிபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

என்ஜின்: காலையில் போய்ப் பாருங்கள்

விற்கிறவர் வண்டியை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். சூடான என்ஜின் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். அதனால் விடிகாலையில், சொல்லாமல் போய், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால்தான் சோதனை சரியான சோதனை.

ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் போகிறதோ என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஆடை மாதிரிப் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை!

ஃபோர் வீல் நிஜமா, பொம்மையா?

ஜீப் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படி செய்யப்பட்ட ஜீப்புகளும் நிறைய உண்டு. பொலிரோ வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். சிலவற்றில் கியர் பக்கத்தில் சின்ன லீவர் இருக்கும், ஆனால் முன்பக்கத்து ஷாஃப்டையே கழற்றி விற்றிருப்பார்கள். முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். பிறகு ஆற்று மணலிலோ உழுத நிலத்திலோ விட்டு, லீவரைப் போட்டு மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். முன் சக்கரமும் மண்ணைப் பறிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தார் ரோட்டில் செய்யக்கூடாது. பழைய ஜீப்பில் முன்னும் பின்னும் கட்டிப்போட்ட மாதிரி ஒரே வேகத்தில் சுற்றுவதால், தார் ரோட்டில் திருப்பும்போது பல் சக்கரங்கள் கெட்டுப்போகும்.

ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தால், கொஞ்சம் ஆட்டம் பழைய ஜீப்பில் இருக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங் பின், பேரிங் தேய்மானம் கையில் தெரியும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் முன்பக்கத்தில் கோளாறு. பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. ஏலகிரிக்கு ஏறி இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவு. அங்கே போய் பிரேக்கைச் சோதிக்க முடியாது, காலி மைதானத்திலேயே சோதித்துவிடுங்கள்.

குழந்தைகளுக்காக இரண்டு வார்த்தை

ஹூட் போட்ட ஜீப்பில் சைலன்சர் ஓட்டையாக இருந்தால் புகை உள்ளேதான் வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் 'மலைப் பாதை ஒத்துக்கவில்லை' என்று எலுமிச்சம் பழத்தை முகரக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்தது, பக்கவாட்டில் உட்காரும் பின் பெஞ்சு. அதில் பெரும்பாலும் பெல்ட் இருக்காது. சின்னப் பிள்ளைகளை முன்னோக்கி உட்காரும், பெல்ட் உள்ள சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும்.

காகிதம் சரியா?

சேஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைப்பது வழக்கம். அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். சித்தூர், கோலார் என்று பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்றும், நம் மாநில வரியும் வேண்டும். கடன் பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு வீட்டுப் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் நம்பர் படிவங்கள். விற்பவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் ஆபத்து விற்றவருக்கும்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் பழைய வண்டியை விற்றாலும் இதை மறக்காதீர்கள்.

எங்கள் ஜீப் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 'இதை ரிப்பேர் செஞ்சு இன்னொருத்தர் தலையில கட்டிடலாம்' என்று புரோக்கர் யோசனை சொன்னார். "அந்த வண்டியிலயும் ஒரு மாமியாரும் பொண்ணும் உட்காருவாங்க இல்லீங்களா?" என்று இவரிடம் கேட்டேன். இவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே முறைப்படி பதிவை ரத்து செய்து, எடைக்குப் போட்டுவிட்டார். சங்கிலியை மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

போன வருஷம் மறுபடி ஒரு ஜீப் வாங்கினோம். பெயிண்ட் மங்கல்தான். ஆனால், அடியில் தட்டினால் 'டங்'கென்று சொல்கிறது. அதைத் தட்டிப் பார்த்தது பாய். காந்தத்தை வைத்துப் பார்த்தது நான்!