எந்த ஷ்யாம், எந்த டேனியல்?

செஞ்சிக்காரர்களுக்குப் பெயர்க் குழப்பம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றின் பெயர் கிருஷ்ணகிரி. ராணிக்கோட்டை என்றும் சொல்வோம். வெள்ளைக்காரர் காலத்துப் படம் எதிலாவது 'கிருஷ்ணகிரி' என்று பார்த்துவிட்டால் போதும், "அடடா, நம்ம மலை!" என்று கை தானாகப் பர்ஸுக்குப் போகும். பொறுங்கள்! மைசூர்ப் போர்க் காலத்துப் படமென்றால் அது பெரும்பாலும் ஓசூர் பக்கத்துக் கிருஷ்ணகிரி. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை ஏறப் பார்த்து, முடியாமல் திரும்பிய மலை அது. கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரம் மூலையில் தலைகாட்டினால்தான் எங்கள் ஊர்.

மலைதான் இரண்டு என்றால் வரைந்தவர்களும் அப்படியே. 'டேனியல் படம்' என்று வியாபாரி சொன்னதும் "எந்த டேனியல்?" என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு மரியாதை கூடிவிடும். தாமஸ் ஒருவர். அவருடைய சகோதரர் மகன் வில்லியம் இன்னொருவர். இருவரும் 1792-ல் சென்னையிலிருந்து கிளம்பி, ஓசூர், ராயக்கோட்டை என்று வரைந்துகொண்டே குமரி முனை வரை போனவர்கள். வில்லியத்தின் தம்பி சாமுவேல் தனிக் கட்சி. அவர் இலங்கைக்குப் போய் யானையையும் மானையும் வரைந்து, 1811-ல் அங்கேயே இறந்துபோனார். தாமஸும் வில்லியமும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி'யில் 144 படங்கள்!

இனி படக்கடையின் பின்னறைக்கு வாருங்கள், அங்கேதான் கூத்து. முதல் வேலை, சட்டத்தைக் கழற்றிப் படத்தைக் குப்புறப் போடுவது. முன்பக்கம் ஆயிரம் பொய் சொல்லும். முதுகில் பழைய சீட்டு, பென்சில் கிறுக்கல், எந்தக் கடையில் சட்டம் போட்டார்கள் என்ற துண்டுத் தாள் எல்லாம் இருக்கும். அடுத்தது லென்ஸ். ஒழுங்காக வரிசைகட்டிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். டேனியல்களின் செப்புத்தகட்டு அச்சில் பொடி மணல் தூவியதுபோல் சொரசொரப்புத் தெரியும். காகிதத்தில் தகடு அழுந்திய விளிம்பும் வெட்டப்படாமல் இருந்தால், எனக்குத் தலைகால் புரியாது! மேலே வண்ணம் கையால் பூசியது என்பதால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் இரண்டு நீலம்.

பத்திரிகை ஓவியங்களின் பக்கம் வந்தால் சிரிப்பு இன்னும் கூடும். விகடனில் மாலி என்று கையெழுத்திட்ட ஓவியர் மகாலிங்கம். புல்லாங்குழல் மாலியும் மகாலிங்கம்தான்! ஓவிய மாலிதான் கோபாலனைக் கோபுலு ஆக்கினார், ஸ்ரீனிவாசனைச் சில்பி ஆக்கினார். பெயர் சூட்டுவதில் மன்னர், தன் பெயருக்கு மட்டும் காவல் போட முடியவில்லை. 'கல்கி'யில் பொன்னியின் செல்வனுக்கு வரைந்த மணியம் அப்பா. மணியம் செல்வன் மகன். மாருதி ஒருவர், மருது வேறொருவர். போனில் பேரம் பேசும்போது இரண்டு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. எஸ். இளையராஜா வரைந்த எண்ணெய் வண்ணப் பெண்களைப் புகைப்படம் என்றே நம்பியவர்கள் உண்டு. 2021-ல் கொரோனாவில் போய்விட்டார், பாவம். "இளையராஜா படம் வாங்கணும்" என்று வீட்டில் சொன்னால், "எந்தப் படம், எந்த வருஷம் ரிலீஸ்?" என்பார்கள்.

ஆனால் என் ஆசையெல்லாம் இரண்டு ஷ்யாம்களையும் ஒரே சுவரில் மாட்டுவது. ஒருவர் நம் ஊர் துப்பறியும் நாவல் அட்டைகளின் ஷ்யாம்: பளபளக்கும் கண், கையில் துப்பாக்கி, அப்போது விலை பத்தோ பதினைந்தோ. இன்னொருவர் மத்தியப் பிரதேசம் பாடன்கட் கிராமத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். லண்டனுக்கு வரைய அழைத்துப் போனார்கள்; மனிதர் பிக் பென் கடிகாரத்தைச் சேவலாக்கிவிட்டார்! நேரம் சொல்லும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதானே? அந்த 'லண்டன் ஜங்கிள் புக்'கை 2004-ல் போட்டது நம் சென்னையின் தாரா புக்ஸ். 2018-ல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பாடன்கட்டில் தெருவுக்குத் தெரு ஷ்யாம்! இந்தக் கோண்டு பாணிக்கு வழிபோட்ட ஜன்கட் சிங் ஷ்யாம் பஜ்ஜுவுக்குச் சித்தப்பா முறை. வெங்கட் ஷ்யாமும் அதே கூட்டம். படத்தின் கீழே ஷ்யாம் என்றிருப்பதை வைத்து என்ன செய்வது? மானின் வயிற்றைப் பாருங்கள். ஒருவர் புள்ளியாக நிரப்புவார், ஒருவர் பிறை பிறையாக, ஒருவர் விதை சிதறியதுபோல். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிரப்பு வைத்திருக்கிறார். அடுத்தவருடையதை எடுப்பது மரியாதையில்லை. கையெழுத்து மூலையில் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பணம் கொழுத்தவர்களுக்கு ஒரு தகவல். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்ட ஓவியர்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் தாகூர்கள்: ரவீந்திரநாத், ககனேந்திரநாத், அவனீந்திரநாத். எந்தத் தாகூரை வாங்கினாலும் விதி ஒன்றுதான். உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாமா என்றால், தாராளமாக. ஜன்னல் சீட் மட்டும் வேண்டாம், வெயில் படும்.