வாழைப்பழ மணமும் சாமி விளக்கும்

தீபாவளி நெருங்கினால் மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்புகளில் வீட்டுக்குச் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். இரும்புக் கதவுக்குப் பூசும் பளபளப்பான சாயத்தைக் கரைக்க வாங்கும் தின்னர் வகைகள் சிலவற்றில் கனிந்த வாழைப்பழ மணம் வீசும். டின்னுக்குள் பழம் ஏதும் இல்லை. அம்மணம் எஸ்டர் எனப்படும் இரசாயனப் பொருள்களுக்கு உரியது.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் உண்டாகிறது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைத் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். அதன் உறவான அசிட்டிக் அமிலம் காடியில் உள்ளது. அதனை ஐசோஅமைல் ஆல்கஹாலோடு சேர்த்தால் கிடைப்பதே ஐசோஅமைல் அசிட்டேட். வாழைப்பழ மணத்தில் பெரும் பங்கு இதனுடையதே. மிட்டாய்க்கு மணமூட்டவும் மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். கொட்டிய தேனீ தன் கூட்டத்தை அழைக்க விடும் மணத்திலும் இப்பொருள் இருப்பது 1962இல் கண்டறியப்பட்டது. மரம் சீவும்போது ஒரு தேனீ கொட்டினால் அங்கேயே நில்லாமல் விலகிச் செல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

இது நன்றாக எரியக் கூடியது. 1884இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெஃப்னர்-ஆல்டெனெக் அமைல் அசிட்டேட்டில் எரியும் விளக்கொன்றைச் செய்தார். அதன் சுடர் அவ்வளவு சீராக இருந்தமையால் ஒளியை அளக்கும் அளவாகவே அது பயன்பட்டது.

நம் வீட்டிலோ அந்தச் சுடர் நாம் நினையாத இடத்தில் பற்றும். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றச் சுமார் 38 பாகை வெப்பமேனும் வேண்டும். ஐசோஅமைல் அசிட்டேட்டுக்கு 25 பாகை போதும். தின்னரில் கலக்கும் அதன் இனமான பியூட்டைல் அசிட்டேட்டுக்கு 22 பாகையே போதும். நம் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. மண்ணெண்ணெயைக் கையாண்ட பழக்கத்தில் இதனையும் கையாளுதல் கூடாது. இதன் ஆவி காற்றைவிட நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து, சாமி மேடை விளக்கையோ சமையல் அடுப்பையோ சென்றடையும். பற்றிய தீ வந்த வழியே டின்னுக்குத் திரும்பி ஓடிவரும்.

எனவே சாயம் பூசும் நாளில் விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். விளக்கை மாலையில் ஏற்றலாம், சாமி கோபிக்காது. மணம் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் நம்பாதீர்கள், மூக்கு பழகிப்போயிருக்கும். தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளிக்காற்றுக்குச் செல்ல வேண்டும். தின்னரில் டொலுவீன் போன்ற வேறு நச்சுத் திரவங்களும் கலந்திருக்கலாம். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எஸ்டர் நீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீயானால் மணலைக் கொட்டுங்கள். பெருந்தீயானால் எல்லாரும் வெளியேறி 999ஐ அழையுங்கள்.

கையுறை பற்றியும் ஒன்று. நம் மரத்துப் பாலில் செய்த ரப்பர் கையுறை பல வேலைகளுக்கு உகந்தது. எஸ்டருக்கு மட்டும் அது ஈடுகொடுக்காது. திரவம் அதனை ஊறவைத்து உள்ளே புகுந்துவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறையே இதற்கு ஏற்றது.