ஸ்டீம் குழாய் கசிந்தால் ஸ்பானருக்கு முன் பில்லைத் தேடுங்கள்

வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரத்தில் பால் நுரைக்கும் ஸ்டீம் குழாய் சொட்டத் தொடங்கினால், பலர் கீழே ஒரு டம்ளரை வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அன்றைக்கே ஸ்பானரை எடுத்துக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டத்தில் முடியக்கூடும்.

எல்லாச் சொட்டும் கோளாறல்ல. நுரைத்து முடித்ததும் குழாய்க்குள் தங்கிய ஆவி குளிர்ந்து சில துளிகளாக விழும். ஸ்டீம் திருகை மூடிய பிறகும் விடாமல் சொட்டினாலோ ஆவி கசிந்தாலோதான் கவலைப்பட வேண்டும். நுனித் துளையில் கசிந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். குழாய் இயந்திரத்தோடு சேரும் மூட்டில் கசிந்தால் அங்குள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உப்புப் படிவு வால்வில் ஒட்டிக்கொண்டு அதை முழுக்க மூடவிடாது. கசிவை நிறுத்தத் திருகை இன்னும் பலமாக இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வாஷர் நசுங்கிக் கசிவு கூடுவதே மிச்சம்.

ஆபத்து எங்கே என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். பாயிலரில் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலாக இருந்தால், உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்த நிலையில் ஒரு மூட்டைக் கழற்றினால், வெளியே வரும் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகி முகத்திலும் கையிலும் சீறும். ஸ்விட்சை அணைத்தாலும் அழுத்தம் உடனே இறங்காது. சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வாரன்ட்டி இருக்கும்போது இயந்திரத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். "வெளியாள் கழற்றியிருக்கிறார்" என்று கம்பெனி கைவிரிக்கலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த இயந்திரமே உங்கள் சாட்சி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிசோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாதென்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கழற்றிப் பூட்டிய பொருளில் குறை தயாரிப்பிலேயே இருந்ததா, உங்கள் கையால் வந்ததா என்று நிரூபிப்பது கடினம். அதனால் முதலில் கசிவை வீடியோ எடுங்கள். பில், வாரன்ட்டி அட்டை, சீரியல் எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். புகாரைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "தண்ணீரின் உப்புதான் காரணம்" என்று சர்வீஸ் ஆள் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தண்ணீர் ஊற்றலாம், உப்பை எப்படி நீக்கலாம் என்று கையேடு தெளிவாகச் சொல்லாமல் இருந்தால் அதுவே உங்கள் வாதம். போதிய அறிவுறுத்தல் தராததால் காயமோ, அந்த இயந்திரம் தவிர்த்த பிற உடைமைகளுக்குச் சேதமோ ஏற்பட்டால், இழப்பீட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல், இழப்பீடு என எதையும் கேட்கலாம். பிழைப்புக்காகத் தானே சிறு காபிக் கடை நடத்துபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

வாரன்ட்டி முடிந்த இயந்திரம் என்றால் நீங்களே பார்க்கலாம். முதலில் கையேட்டில் சொன்ன மருந்தால் உப்பை நீக்குங்கள். பல கசிவுகள் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் முழுக்க ஆறிய பிறகு, ஸ்டீம் திருகைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அதன்பிறகே ஸ்பானர். பழைய வளையத்தைக் கையோடு எடுத்துப்போய், அதே அளவில், உணவுக்கும் சூட்டுக்கும் ஏற்றது என்று உறுதியானதை மட்டும் வாங்குங்கள். மாற்றிய பிறகும் பாயிலர் பக்கமாக ஈரம் தெரிந்தாலோ, பாதுகாப்பு வால்விலிருந்து ஆவி வந்தாலோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த வால்வை மட்டும் எதைக்கொண்டும் அடைக்காதீர்கள். அதை அடைத்தால், ஏறும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் பாயிலரே வெடிக்கக்கூடும்.