என்ஜின் இல்லாத போர் விமானங்கள்: வீட்டு அலமாரியில் சேர்ப்பது எப்படி?

என்ஜின் கிடையாது. இறங்கினால் தானாகத் திரும்பப் பறக்கவும் முடியாது. 2-ம் உலகப்போரில் வீரர்களை ஏற்றிச்சென்ற 'கிளைடர்' விமானங்கள் அப்படித்தான். வேறு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய் நடுவானில் கழற்றி விட்டுவிடும். சத்தமே இல்லாமல் தரையிறங்கும்.

1944 ஜூன் 6-ந்தேதி நள்ளிரவு, 6 'ஹோர்சா' கிளைடர்களில் கிளம்பிய இங்கிலாந்து வீரர்கள் பிரான்சில் 2 பாலங்களை மடக்கிப் பிடித்தனர்.

மரத்தால் ஆன ஹோர்சாக்கள் பல, இறங்கிய வேகத்திலேயே நொறுங்கின. இன்று அவற்றின் உருவத்தைக் குட்டி மாடல்களிலும் பார்க்கலாம்.

சேகரிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில், அதாவது 72-ல் 1 பங்கு அளவில் வாங்குவது நல்லது. அப்போதுதான் எது பெருசு, எது சிறுசு என்பது பளிச்சென தெரியும். 88 அடி இறக்கை கொண்ட ஹோர்சா 37 செ.மீ. வரும். ஜெர்மனியின் ராட்சத 'மெசர்ஷ்மிட் 321' 76 செ.மீ.! அதனால் முதல்ல அலமாரியை அளந்து பாருங்க. பிறகு பெட்டியை வாங்குங்க.