தரை ஆடும்போது குழந்தை எதைப் பார்க்கும்?

2025 பிப்ரவரி 17, அதிகாலை 5.36 மணி. டெல்லி தௌலா குவான் அருகே, தரைக்கு ஐந்தே கிலோமீட்டர் ஆழத்தில் பூமி அசைந்தது. நிலநடுக்க அளவில் 4.0 என்பது பெரியதல்ல. ஆனால் அதிர்வின் மையம் காலடியிலேயே இருந்ததால் தூங்கிக்கொண்டிருந்த பலர் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். இதே அதிர்வு ஐந்து மணி நேரம் கழித்து வந்திருந்தால், நகரின் அங்கன்வாடிகளும் காப்பகங்களும் குழந்தைகளால் நிறைந்திருக்கும். நிலநடுக்கம் என்ற சொல்லே தெரியாத இரண்டு வயதுக் குழந்தை அப்போது என்ன செய்யும்?

ஆடும் மின்விசிறியை ஒருமுறை பார்க்கும். அடுத்த நொடியே, தன்னைக் கவனித்துக்கொள்ளும் அக்காவின் முகத்தைப் பார்க்கும்.

இதை அழகாகக் காட்டிய சோதனை 1985இல் வெளியானது. ஒரு மேசையின் மேல் கண்ணாடி. பாதி வழியில், கண்ணாடிக்குக் கீழே 30 சென்டிமீட்டர் பள்ளம், அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் உயரம். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வருகிறது, பள்ளத்தைக் கண்டு நிற்கிறது, எதிர்ப்பக்கம் நிற்கும் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. அம்மா ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மகிழ்ச்சியான முகத்தைக் கண்ட 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்தார்கள். பயந்த முகத்தைக் கண்ட 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. புதிய சூழல் ஆபத்தானதா என்பதை நம்பிக்கைக்கு உரியவரின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யும் இந்தத் திறனை 'முகமறிதல்' எனலாம். பேச்சு வருவதற்கு முன்பே இது வந்துவிடுகிறது.

ஏன் இந்த ஏற்பாடு? மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிதான் அபாய மணியை அடிக்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற பதற்ற இயக்குநீர் ஏறுகிறது. மணியை நிறுத்தும் பொறுப்பு நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதிக்கு. அது முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிவிடும். மணி பிறவியிலேயே தயார். அதை நிறுத்தும் கை இன்னும் வளரவில்லை.

அந்தக் கையை இயற்கை குழந்தையின் உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொள்ள வந்த குழந்தைகளை அமெரிக்க உளவியலாளர் மேகன் கன்னரின் குழு ஆராய்ந்தது. தாயுடன் உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் ஏற்றம் குறைவாக இருந்தது. நம்பும் ஒருவர் பக்கத்தில் இருப்பதே உடலின் வேதியியலை மாற்றிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலம் இதை இன்னும் கடுமையாகச் சோதித்தது. 1941இல் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் லண்டன் ஹேம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார்கள். வெளியே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஆனால் குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் குலைத்தது என்று அவர்கள் கண்டார்கள். அதனால் குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத ஒரு பணியாளரைத் தாயாக அமர்த்தினார்கள்.

டெல்லியில் 1969இல் மீரா மகாதேவன் தொடங்கிய 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு, பிரிவையே சுருக்கியது. கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம். செங்கல் சுமக்கும் அம்மா கூப்பிடு தூரத்தில் இருப்பார். 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. பால் கொடுப்பதற்கு வசதியான இந்தக் கூப்பிடு தூரம், நெருக்கடி வேளையில் குழந்தையும் தாயும் சீக்கிரம் சேர்வதற்கும் வழி.

காப்பகப் பணியாளர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய கருவிகளும் எளியவைதான். மேசைக்கடியில் ஒடுங்கித் தலையை மூடிக்கொள்ளும் பயிற்சியை 'ஆமை விளையாட்டு' என்று சொல்லிப் பழக்கினால், நிஜ அதிர்வின்போது அது பழகிய விளையாட்டாகவே இருக்கும். அப்புறம் சோப்புக் குமிழி. வேகமாக ஊதினால் குமிழி உடையும். மெதுவாக, நீளமாக ஊதினால்தான் அது வளரும். நீண்ட வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயம்வரை ஓடும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. 'மூச்சை மெதுவாக விடு' என்ற அறிவுரை புரியாத பிள்ளையும் குமிழிக்காக அதைச் செய்துவிடும்.

ஆபத்து கடந்த பிறகும் வேலை முடிவதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் குழந்தைகள் அலையை வரைந்தார்கள். இப்படி வரைவதும், விளையாட்டில் திரும்பத் திரும்ப வீட்டை அடுக்கி இடிப்பதும், வண்டியை மோதவிடுவதும் வக்கிரமல்ல. கட்டுக்கடங்காமல் நடந்ததைத் தன் கைக்குள் அடக்கிப் பார்க்கும் முயற்சி அது. தடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சாப்பாடும் தூக்கமும் வழக்கமான நேரத்தில் நடந்தால், உலகம் பழையபடி ஓடுகிறது என்பதைக் குழந்தையின் உடம்பு நம்பத் தொடங்கும்.

பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கும்போது கட்டணத்தையும் சுவர் ஓவியத்தையும் பார்க்கிறோம். கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் குழந்தையைத் தினமும் ஒரே ஆள்தான் பார்த்துக்கொள்வாரா? அவசரகாலப் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது? பதில் தயங்கி வந்தால், சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.