அளவில் விளைந்த அழகு

நுழையும்முன்

பசியைத் தணிப்பது உணவு. அதை ஒரு சமுதாயம் ஆக்கும் முறையும் படைக்கும் முறையும் உண்ணும் முறையும் அச்சமுதாயத்தின் உள்ளத்தைப் புலப்படுத்தும். ஜப்பானிய உயர்தர விருந்து முறையாகிய கைசெகியின் தோற்றத்தையும் இயல்பையும், இன்று அதன்முன் நிற்கும் வினாவையும் இப்பாடம் விளக்குகிறது.

பெருவிருந்து என்றவுடன் நிறைந்த கலங்களும் எண்ணற்ற பண்டங்களுமே நம் மனக்கண்ணில் தோன்றும். ஜப்பானின் பழந்தலைநகரான கியோத்தோவின் விருந்தகங்களில் படைக்கப்படும் கைசெகி இதற்கு மாறானது. அரக்கு மெருகிட்ட ஒரு மரக்கிண்ணம். அதனுள் தெளிந்த சாறு. சாற்றின் நடுவே ஒரு துண்டு மீன். அதன்மேல் நறுமணத்திற்காக ஒரு கீற்றுப் பழத்தோல். விருந்தின் ஒரு நிலையில் விருந்தினர்முன் வைக்கப்படுவது இவ்வளவே. எனினும், உலகின் விலையுயர்ந்த விருந்துகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. குறைவாகப் படைப்பது எவ்வாறு நிறைவான விருந்தாயிற்று?

துறவும் தேநீரும்

இதற்கான விடையை மடங்களில் தேடவேண்டும். தோகென் என்னும் சென் பௌத்தத் துறவி 1237ஆம் ஆண்டில் மடத்துச் சமையல் பொறுப்பாளருக்குரிய நெறிகளை ஒரு நூலாக எழுதினார். அரிசி களைவதும் கீரை நறுக்குவதும் தவத்தின் கூறுகளே என்பது அவர் கொள்கை. எளிய பொருளையும் அரிய பொருளுக்குரிய அக்கறையோடு கையாள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்கியூ (1522-1591) தேநீர்ச் சடங்கிற்குச் செம்மையான வடிவம் தந்தார். அச்சடங்கில் பருகும் தேநீர் கெட்டியானது. வெறும் வயிற்றிற்கு ஒவ்வாதது. எனவே, அதற்குமுன் சோறும் சாறும் சில துணைக்கறிகளும் சிற்றளவில் வழங்கப்பட்டன. இவ்வுணவே கைசெகி எனப் பெயர் பெற்றது. மார்பருகே வைத்த கல் என்பது அச்சொல்லின் பொருள். துறவியர் பசியை ஆற்றுவதற்குச் சூடான கல்லை ஆடைக்குள் வைத்துக்கொண்டதை அது நினைவூட்டுகிறது. பின்னாளில் மதுவோடு கூடிய கொண்டாட்ட விருந்து ஒன்றும் இதே ஒலிப்புடைய, ஆனால் வேறு எழுத்துகளால் எழுதப்படும் பெயரில் வளர்ந்தது. இன்றைய விருந்தகங்களில் இவ்விரு மரபுகளும் கலந்தே காணப்படுகின்றன.

பருவமே பட்டியல்

கைசெகியில் விருந்தினர் உணவைத் தேர்ந்தெடுப்பதில்லை; பருவமே தேர்ந்தெடுக்கிறது. ஒரு பொருளின் பருவத்தை ஜப்பானியர் மூன்றாகப் பகுப்பர். முதல் வரவு ஹஷிரி. முழு விளைச்சல் சகாரி. விடைபெறும் காலம் நகோரி. முதல் வரவில் எதிர்பார்ப்பின் இன்பமும் இறுதி வரவில் பிரிவின் ஏக்கமும் சுவையோடு கலந்திருக்கும்.

கியோத்தோவின் கோடைக்குரியது ஹாமோ என்னும் கடல்விலாங்கு மீன். கியோத்தோ கடலிலிருந்து விலகிய நகரம். குளிர்பதன வசதியற்ற காலத்தில், கோடை வெயிலில் உயிருடன் கொண்டுவரத்தக்க வன்மை இம்மீனுக்கு இருந்தது. ஆனால், இதன் தசையெங்கும் நுண்முட்கள் நிறைந்திருக்கும். தேர்ந்த சமையற்கலைஞர் தோல் அறுபடாமல், சுமார் 3 செ.மீ. நீளத்திற்குள் 24 வெட்டுகள் இட்டு அம்முட்களை நறுக்கிவிடுவார். வெந்நீரில் இட்டதும் மீன்துண்டு வெண்மலர்போல் விரியும். நிலம் விதித்த குறையே இங்குக் கலையாக மலர்ந்தது.

சாற்றின் நுட்பம்

இவ்வுணவின் உயிர் தாஷி என்னும் சாறு. இது பெரும்பாலும் இரு பொருள்களால் ஆவது. ஒன்று, வடக்கே ஹொக்கைடோ கடலில் விளையும் கொம்பு என்னும் கடற்பாசி; மற்றொன்று, வேகவைத்துப் புகையூட்டி மரம்போல் இறுகும்வரை உலர்த்திய சூரைமீனின் சீவல். கடற்பாசியை மெல்லச் சூடேற்றி, நீர் கொதிக்குமுன் எடுத்துவிடுவர். பின்னர்ச் சீவலையிட்டுச் சிறிது நேரத்தில் வடிகட்டுவர். 1908ஆம் ஆண்டில் கிக்குனாயே இக்கேதா என்னும் வேதியியல் அறிஞர், இக்கடற்பாசியின் சுவைக்குக் குளுட்டாமிக் அமிலமே காரணம் எனக் கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். எண்ணெயும் கொழுப்பும் மிகுதியாகச் சேராமலே உணவு நிறைவு தருவதன் காரணம் இதனால் விளங்கியது.

கலமும் கூடமும்

உணவுக்குக் கலம் ஆடை போன்றது என்பது கித்தவோஜி ரோசன்ஜின் (1883-1959) கொண்ட கருத்து. மட்கலக் கலைஞராகவும் சமையல் வல்லுநராகவும் விளங்கிய அவர், தம் விருந்தகத்திற்குரிய கலங்களைத் தாமே வனைந்தார். கோடையில் கண்ணாடிக் கலமும் குளிர்காலத்தில் தடித்த மட்கலமும் இடம்பெறுவது இக்கலையின் மரபு. கலத்தில் விடப்படும் வெற்றிடமும் அழகின் பகுதியாகவே கருதப்படும்.

விருந்தினரை வரவேற்கும் பாதையில் நீர் தெளிக்கப்பட்டிருக்கும். மாடத்தில் பருவத்திற்கேற்ற ஓவியச்சுருளும் மலரும் அமைந்திருக்கும். ஒகாமி எனப்படும் இல்லத்தலைவி விருந்தினரின் விருப்பங்களை நினைவில் கொண்டு உபசரிப்பார். முன்பு அறிமுகமானவர் ஒருவரின் பரிந்துரையின்றிப் புதியவரை ஏற்காத விருந்தகங்களும் கியோத்தோவில் உண்டு. விருந்தினரை அறிந்த பின்னரே செம்மையாக உபசரிக்க இயலும் என்பது அவ்வழக்கத்திற்குக் கூறப்படும் காரணம். எனினும், அது பலருக்கும் கதவடைப்பதாகவே அமைகிறது.

தெரிந்து தெளிவோம்

உண்டு முடித்ததும் ஜப்பானியர் கொச்சிசோசமா என்று நன்றி கூறுவர். அதிலுள்ள சிசோ என்னும் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு விரைதல், ஓடுதல் என்பன பொருள். விருந்தினருக்காகப் பொருள் தேடி ஓடியவர்களின் உழைப்பை அச்சொல் போற்றுகிறது.

எஞ்சும் வினா

2007ஆம் ஆண்டில் மிச்செலின் நிறுவனம் ஆசியாவிற்கான தன் முதல் உணவக வழிகாட்டியைத் தோக்கியோ நகருக்கு வெளியிட்டது. 2013ஆம் ஆண்டில் ஜப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இப்புகழுக்கு இடையே மற்றோர் உண்மையும் உண்டு. 1962ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 118 கிலோ அரிசி உண்டார். இன்று அதில் பாதிக்கும் குறைவாகவே உண்கிறார். சோறும் சாறும் துணைக்கறிகளும் கொண்ட உணவு இல்லங்களில் அருகி, விருந்தகங்களில் மட்டும் எஞ்சிவிடுமோ என்னும் அச்சம் எழுந்துள்ளது.

இதனை உணர்ந்து 2005ஆம் ஆண்டில் உணவுக் கல்விக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கியோத்தோவின் சமையற்கலைஞர்கள் பள்ளிகளுக்குச் சென்று தாஷியின் சுவையை மாணவர்க்கு அறிமுகப்படுத்துகின்றனர். அம்மாணவருள் பலர் விலையுயர்ந்த விருந்தகத்தில் உண்ணும் வாய்ப்பைப் பெறாமற்போகலாம். ஆனால், நல்ல சாற்றை அறிந்த நாவும் பருவத்தை அறிந்த கண்ணும் அவர்களுக்கு வாய்க்கும். எளிமையில் பிறந்த இக்கலை செல்வர் கூடங்களில் மட்டும் நிலைத்தால் அதன் வடிவம் எஞ்சும், உயிர் எஞ்சாது. அன்றாட அடுப்பங்கரையில் அந்த அக்கறை நிலைக்கும்வரை கைசெகியும் வாழும்.

கற்பவை கற்றபின்

1. 'நிலம் விதித்த குறையே கலையாக மலர்ந்தது' - பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.
2. ஒரு நாட்டின் உணவுமரபைக் காப்பதில் விருந்தகத்தின் பங்கு பெரிதா, இல்லத்தின் பங்கு பெரிதா? வகுப்பறையில் கலந்துரையாடுக.